ஆப்பிள் இலந்தை: பூ கொத்துக் கொத்தாக வருது, காய் நிற்க மாட்டேங்குது (கோலாலம்பூர்)

செராஸ்_மூலைவீடு:
வணக்கம். சுங்கை பூலோ நர்சரியில் "எப்பல் சியாம்" (ஆப்பிள் இலந்தைக்கு மலாய்ப் பெயர்) என்று எழுதி விற்ற ஒட்டுக் கன்று. தரையில் நட்டு 2 வருஷம் ஆகுது, 3 மீட்டர் உயரம், இலை கருகருவென்று இருக்கு. ஒரு பக்கம் கார் கூரை. வெயில் மதியம் வரைக்கும்தான். பூவுக்குக் குறைவில்லை, ஆனால் மிளகு அளவு பிடித்ததும் கொட்டிவிடுது. தப்பிப் பழுத்த நாலைந்திலும் உள்ளே புழு. மாதம் ஒரு முறை 15:15:15 பச்சை உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), இரண்டு கைப்பிடி. கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) பண்ணியதே இல்லை. அடியிலிருந்து முள்ளாக இரண்டு கிளை வேகமாக ஏறுது, அவற்றை விடலாமா? இன்னொன்று: சீன மருந்துக் கடை ரெட் டேட்ஸ் (உலர்ந்த சீன இலந்தை) கொட்டையைப் போட்டால் இங்கே காய்க்குமா?

பாலிக்புலாவ்_பழமரம்:
முதலில் அந்த முள் கிளைகள். ஒட்டு போட்ட தழும்புக்குக் கீழிருந்து வந்திருந்தால் அது காட்டு இலந்தை, மலாய்க்காரர்கள் பிடாரா என்பார்களே, அதுதான். இலை சின்னதாகவும் முள் நெருக்கமாகவும் இருக்கும். இன்றைக்கே எடுங்கள். மேலாக வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை புறப்படும் இடத்தில் ஒட்டச் சீவ வேண்டும். ஒரு வருஷம் விட்டால் மேலே இருக்கும் ஒட்டு மரத்தையே அமுக்கிவிடும்.

அடுத்தது கவாத்து. இலந்தை புதுத் தளிரில்தான் பூக்கும், இலைக் கணுவில். பழைய கிளையிலிருந்து வரும் தளிர் குச்சியாக இருக்கும், பூ இருந்தாலும் காயைத் தாங்காது. தரையிலிருந்து ஒரு மீட்டரில் நடுத்தண்டை அறுத்து, நாலு திசைக்கு நாலு கிளையை மட்டும் 40 சென்டிமீட்டர் நீளத்தில் நிறுத்துங்கள். கூரைப் பக்கம் சாயும் கிளை வேண்டாம். கை ரம்பத்தால் சாய்வாக அறுத்து, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சணக் கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள். பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், இந்த மரம் வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

எப்போது வெட்டுவது என்பதுதான் கோலாலம்பூரில் தலைவலி. மார்ச்-ஏப்ரலில் ஒரு மழை, அக்டோபர்-நவம்பரில் அதைவிடப் பெரிய மழை. வெட்டியதிலிருந்து பூக்க இரண்டு மூன்று மாதம், பூவிலிருந்து பழத்துக்கு நாலைந்து மாதம். அக்டோபர் கடைசியில் வெட்டினால் ஜனவரி-பிப்ரவரியில் பூ, ஜூன்-ஜூலையில் பழம். இரண்டுமே மழை குறைந்த நேரம். மார்ச்சில் வெட்டினால் பழுக்கும்போது பெருமழை வந்து, பழம் வெடிக்கும், இனிப்பில்லாமல் தண்ணீராக இருக்கும். பினாங்கில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாகக் காய்ந்துவிடும், அதனால் அங்கே அக்டோபர் தொடக்கத்திலேயே வெட்டலாம்.

உரம்: வெட்டிய பிறகு பச்சை உரம் 150 கிராம், மூன்று வாரம் கழித்து இன்னொரு 150. அத்தோடு நிறுத்துங்கள். தழைச்சத்து ஏறிக்கொண்டே இருந்தால் மரம் இலை விடுவதிலேயே குறியாக இருக்கும். பூமொட்டு தெரிந்ததும் 12:12:17:2 நீல உரம் (சாம்பல் சத்து கூடுதலாக உள்ளது) 100 கிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, காய் பாதி அளவு வரும்வரை. தண்டு ஓரத்தில் கொட்டாமல் கிளை நுனிக்கு நேர்கீழே வட்டமாகத் தூவுங்கள். செராஸ் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். உரத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஜிஎம்எல் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) அரை கிலோ தூவினால் போட்ட உரம் வீணாகாது.

ரெட் டேட்ஸ் வேறு இனம். குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிட்டு எழுந்தால்தான் அது ஒழுங்காகக் காய்க்கும். நம்முடைய வெக்கையில் முளைத்தாலும் சோம்பிக் கிடக்கும். கன்று வாங்கும்போது சந்தேகம் வந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் நம்ம இலந்தை, மழமழவென்று பச்சையாக இருந்தால் சீனத்து மரம்.

பட்டர்வொர்த்_ஒட்டு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மிளகு அளவில் கொட்டுவதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. ஒட்டு ரகங்கள் பலதும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் வேறு ரக இலந்தை இல்லையென்றால் எவ்வளவு பூத்தும் பயன் இல்லை. இரண்டாவது மரத்துக்கு இடம் கிடையாது என்றால் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டிவிடுங்கள். பிடாராகூடப் போதும், பல சுராவ் (சிறு தொழுகைக்கூடம்) வளாகங்களில் நிற்கும், கேட்டால் ஒரு குச்சி தருவார்கள்.

கவாத்துக்குப் பின் வரும் தளிர் பென்சில் தடிமன் ஆனதும், டி வடிவில் பட்டையைக் கீறுங்கள், இரண்டரை சென்டிமீட்டர் நீளம். தேர்ந்த குச்சியின் இலைக் கணுவில் இருக்கும் மொட்டு ஒன்றைப் பட்டையோடு கேடயம் போல் சீவி உள்ளே சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றுங்கள். மழை நீர் இறங்கினால் அழுகிவிடும், கீழிருந்து சுற்றச் சொல்வது அதற்காகத்தான். ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக் கட்டியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, மேலே 10 சென்டிமீட்டர் விட்டுத் தளிரை வெட்டலாம். கறுத்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் மறுபடி கட்டுங்கள்.

பூச்சி மருந்து விஷயம் முக்கியம். இலந்தைப் பூவின் வாடை நமக்குப் பிடிக்காது, ஈக்குப் பிடிக்கும். மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் ஈயும் தேனீயும்தான். பூக்கும் சமயத்தில் எதையாவது அடித்தால் அவையும் போய்விடும். ஊரிலிருந்து குச்சி கொண்டுவரும் யோசனை வேண்டாம், அனுமதிக் கடிதம் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

கெப்போங்_மாடி:
புழுவுக்கு: அது பழ ஈயின் வேலை. மீத்தைல் யூஜினால் (பழ ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறியைத் தொங்கவிட்டு, டப்பா நிறைய ஈ செத்திருக்கிறது என்று சந்தோஷப்படுபவர்கள் அதிகம். அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே, முட்டையிடும் பெண் ஈ தன் பாட்டுக்குப் பழத்தைக் குத்திக்கொண்டிருக்கும். உறைதான் தீர்வு. இலந்தைக்குக் காம்பு குட்டை, காய் கிளை நெடுகச் சிதறி இருக்கும், அதனால் கொய்யாவுக்குப் போல் ஒவ்வொன்றாக உறை போடுவது வெட்டி வேலை. காய் கோலிக்குண்டு அளவு ஆனதும், கிளையோடு சேர்த்து மெல்லிய வலைப் பையை மாட்டி இரு முனையையும் கட்டுங்கள். வலையைக் காயோடு ஒட்டவிடாதீர்கள், ஒட்டினால் ஈ வலை வழியாகவே குத்தும். கீழே விழுந்த பழத்தை மண்ணில் புதைக்காமல் கறுப்புப் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். புழு மேல்மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது.

பிஞ்சில் வெள்ளைப் பொடி தெரிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

செராஸ்_மூலைவீடு:
ரொம்ப நன்றி. இப்போது மரத்தில் பூ இருக்கு. பூவோடு வெட்டலாமா? பழம் எப்போது பறிப்பது?

பாலிக்புலாவ்_பழமரம்:
இந்தப் பூவை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஆனால் வெட்டவும் வேண்டாம். முள் கிளையை மட்டும் எடுத்துவிட்டு, பெரிய கவாத்தை அக்டோபர் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சுண்ணாம்பைப் போட்டு முடிக்கலாம். பழம், கரும்பச்சை வெளுத்து லேசாக மஞ்சள் தட்டும்போது மொறுமொறுவென்று இருக்கும், அப்போதே பறியுங்கள். பழுப்பு ஏறினால் மாவாகிவிடும், ஊறுகாய்க்கும் இலந்தை வடைக்கும்தான் ஆகும்.