தெளிந்த ஏரியில் லார்ஜ்மவுத் பாஸுக்கு எந்த வாக்கிங் லூர் வாங்கலாம்?

கரைத்தூண்டில்:

வணக்கம். டெக்ஸஸில் ஆஸ்டின் பக்கம் லேக் ட்ராவிஸில் கரையிலிருந்தும் சில நாள் கயாக்கிலிருந்தும் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிறேன். மே கடைசி முதல் ஜூலை வரை விடியற்காலையில் நீர்மேல் போட ஒரு வாக்கிங் லூர் (சுண்டினால் இடமும் வலமுமாக நடக்கும் போலி இரை) வேண்டும். தண்ணீர் தெளிவானது. பாறைக்கரை, இடையிடையே படகுத்துறைகள். விடியும் நேரத்தில் பெரும்பாலும் காற்று இருக்காது. கரையோரம் ஷாட் (shad) என்ற சின்ன இரை மீன்கள் துள்ளுவது தெரிகிறது. மூன்று அங்குலம் இருக்கலாம்.

கைவசம் 7 அடி மீடியம் ஹெவி ராட் (தூண்டில் கோல்), 7.1:1 பெய்ட்காஸ்டர் ரீல், 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. ஏற்கெனவே ஒரு 4½ அங்குல லூர் இருக்கிறது. அது இடமும் வலமுமாக நடக்க மாட்டேன் என்கிறது. மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு நேராக வருகிறது. இது லூரின் குறையா, என் கையின் குறையா?

கடையில் பார்த்து வைத்தவை நான்கு: ஹெடன் ஸாரா ஸ்பூக், ஹெடன் சூப்பர் ஸ்பூக் ஜூனியர், லக்கி கிராஃப்ட் ஸாமி 100, ரபாலா ஸ்கிட்டர் வாக் 11. இதில் ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் எது? நிறம், முடிச்சு பற்றியும் சொல்லுங்கள்.

பென்சில்பெய்ட்:

லூரும் இல்லை, உங்கள் கையும் இல்லை, தூண்டில் நரம்புதான் காரணம். ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78. தண்ணீரில் மூழ்கும். வீசி முடித்ததும் லூருக்கு முன்னால் இருக்கும் நரம்பு தொய்ந்து கீழே இறங்குகிறது. நீங்கள் சுண்டும்போது இழுப்பு மேலிருந்து வராமல் கீழிருந்து வருவதால் மூக்கு தாழ்கிறது. எத்தனை டாலர் லூரைக் கட்டினாலும் இதே கதைதான். அதனால் புதிய லூர் வாங்கும் முன் நரம்பை மாற்றுங்கள்.

30 அல்லது 40 பவுண்டு பிரெய்ட் (பின்னிய நரம்பு) சுற்றுங்கள். அது பாலிஎத்திலீன், தானாகவே மிதக்கும். ஆனால் பிரெய்டை நேராக லூரில் கட்டாதீர்கள். அதற்கு விறைப்பே கிடையாது. தொய்வு விடும் ஒவ்வொரு முறையும் முன் ட்ரெபிளை (மூன்று முனை முள்) சுற்றிக்கொள்ளும். முனையில் 15 முதல் 18 அங்குலம், 20 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பை லீடராக, அதாவது முனைத்துண்டாகப் போடுங்கள். இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். வீசும் நேரத்தில் அந்த முடிச்சு ராட்டின் நுனி வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும், லீடர் நீளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள். பிரெய்ட் பிடிக்காது என்றால் ரீல் முழுக்க 15 அல்லது 17 பவுண்டு மோனோ. அதுவும் நன்றாகவே வேலை செய்யும். நீளமாக வீசினால் மோனோ ரப்பர்போல் இழுபடுவதால் தூரத்தில் முள் ஏற்றுவது மட்டும் கொஞ்சம் கடினம்.

அடுத்து முடிச்சு. லூரின் கட்டு வளையத்தில் இறுக்கிப் பிடிக்கும் முடிச்சு வேண்டாம். லூர் திரும்ப இடம் வேண்டும். வழுக்காத கண்ணி முடிச்சு, இல்லையென்றால் ஒரு ஸ்ப்ளிட் ரிங் (சாவி வளையம் போன்றது), இல்லையென்றால் ஸ்விவல் (சுழலி) இல்லாத சின்ன ஸ்னாப் கொக்கி. ஸ்விவல் வைத்த ஸ்னாப் மூக்குக்குக் கனம் சேர்க்கும்.

இனி லூர். உங்கள் நான்கில் நான் சொல்வது சூப்பர் ஸ்பூக் ஜூனியர். 3½ அங்குலம், ½ அவுன்ஸ். ஸாரா ஸ்பூக் 4½ அங்குலம், ¾ அவுன்ஸ். ஸ்கிட்டர் வாக் 11, 4⅜ அங்குலம், ⅝ அவுன்ஸ். ஸாமி 100, 4 அங்குலம், ½ அவுன்ஸ். கரையில் துள்ளுவது மூன்று அங்குல ஷாட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கலங்கிய நீரில் அளவு ஓர் அங்குலம் கூடினாலும் பாஸ் கவலைப்படாது. கண்ணாடித் தண்ணீரில், காற்றில்லாத விடியலில், அது பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

நீர்மேல்:

நரம்பு பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம். லூரில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஸாமி 100 வாங்கச் சொல்வேன்.

அளவை மட்டும் பார்த்தால் போதாது, ஓய்வில் லூர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஸாமியின் எடை வால்பக்கம் இருக்கிறது. நிறுத்தினால் வால் தாழ்ந்து, தலை மட்டும் வெளியே நிற்கும். சுண்டினால் அந்த வால் ஓர் அச்சுபோல் நின்றுகொள்ள, தலை மட்டும் இங்கும் அங்கும் திரும்புகிறது. ஆகவே ஒரு முழம் தூரத்துக்குள் ஆறு ஏழு திருப்பம் கிடைக்கும். படகுத்துறையின் நிழல் ஓரத்தில் லூரை நிறுத்தி நிறுத்தி நடத்த இதுதான் வழி. பின் ட்ரெபிள் நீருக்குள் தொங்குவதால் கீழிருந்து வரும் மீனின் வாயில் முதலில் படுவதும் அதுதான்.

படுக்கையாக மிதக்கும் லூர் அப்படி இல்லை. ஒரு சுண்டலுக்கு ஓர் அடிவரை சறுக்கும். திறந்த நீரில், மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடும்போது அந்த நீளச் சறுக்கு மிக நல்லது. குறுகிய இடத்தில் நாலு சுண்டலிலேயே துறையைத் தாண்டிப் போய்விடும்.

ஒலியும் உண்டு. பழைய ஸாரா ஸ்பூக்கின் உள்ளே ஒலி எழுப்பும் குண்டே கிடையாது, வெறும் கூடு. 1939இல் ஹெடன் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்த அந்த வடிவம் இன்னும் விற்பதற்கு இந்த அமைதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதே உடலில் ஒரே ஒரு குண்டு போட்டது ஒன் நாக்கர். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தட்டு கேட்கும். காற்றடித்து நீர்ப்பரப்பு நெளியும்போது, அல்லது மழைக்குப் பிறகு நீர் கலங்கினால் அதுதான் கை கொடுக்கும். அலை அதைவிடப் பெரிதாகிவிட்டால் வாக்கிங் லூரையே எடுத்து வைத்துவிடுங்கள். அலைக்கு நடுவில் லூரின் நடை மீனுக்குத் தெரியாது.

விலையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸாமியின் விலைக்கு ஏறத்தாழ இரண்டு ஸ்பூக் ஜூனியர் வரும். பாறைக்கரையில் தொலைக்கக்கூடிய இடத்தில் வீசுபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சிம்கோதங்கூஸ்:

நான் ஒன்ராறியோவில் ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்கிற ஆள். இஞ்ச லேக் சிம்கோவும் நல்ல தெளிந்த தண்ணி எண்டபடியால் சொல்லுறன். தெளிந்த தண்ணியில் மெதுவா நடத்த வேணும் எண்டு எல்லாரும் நினைக்கினம். அது எப்பவும் சரியில்லை. மெதுவா விட்டால் மீன் லூரை ஆறுதலாப் பார்த்து முடிவெடுக்கும். பின்னால வந்து திரும்பிப் போற மீன் கண்டால் வேகத்தைக் கூட்டுங்கோ, ஒரு இடத்திலயும் நிப்பாட்டாதையுங்கோ. அது துரத்தித்தான் ஆக வேணும். லார்ஜ்மவுத்துக்கு, அதுவும் மே கடைசியில் குஞ்சைக் காத்துக்கொண்டு கரையோரம் நிக்கிற மீனுக்கு, எதிர்மாறு: நாலு சுண்டு, ஒரு நிறுத்தம், தண்ணி வளையம் அடங்கும் வரைக்கும் பொறுத்து, திரும்ப இரண்டு சுண்டு.

நிறத்துக்கு அதிகம் மினக்கெட வேண்டாம். மீன் கீழ இருந்து பார்க்கிறது வயிற்றைத்தான், முதுகுப் பூச்சு மனிசருக்கு. விடியல் மங்கல் வெளிச்சத்துக்கு எலும்பு நிறம். வெயில் ஏறினால் பாதி ஊடு தெரியிற நிறம் அல்லது வெள்ளி வயிறு. இருட்டில் கறுப்பு. இதுக்கு மேல வாங்கிறது ஆசைக்கு.

இன்னொரு விசயம். ட்ராவிஸில் 2017இல இருந்து ஸீப்ரா மஸல் இருக்கு. பாறையிலும் துறைக் கால்களிலும் ஒட்டியிருக்கிற அந்தச் சிப்பி ஓரம் சவர அலகு மாதிரி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரல் நகத்துக்கும் பெருவிரலுக்கும் இடையில இழுத்துப் பாருங்கோ. சொரசொரப்பு இருந்தால் வெட்டிப்போட்டுத் திரும்பக் கட்டுங்கோ. பிரெய்ட் நேரா உரஞ்சினால் ஒரு செக்கனில போயிடும், லீடர் வைக்க இதுவும் ஒரு காரணம்.

கரைத்தூண்டில்:

மூவருக்கும் நன்றி. மோனோ 17 பவுண்டு சுற்றிப் பார்த்தேன், பழைய லூரே நடக்கிறது. இப்போது இரண்டு சிக்கல். கயாக்கில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுண்டினால் ராட் நுனி தண்ணீரில் அடிக்கிறது. இன்னொன்று, மீன் வெடித்து அடிக்கிறது, முள் ஏறுவதில்லை. ஊரில் விராலுக்குத் தவளை லூர் போட்ட பழக்கம் என்பதால் நுரை கண்டவுடன் கை தானாக இழுத்துவிடுகிறது.

நீர்மேல்:

கயாக்குக்கு 7 அடி நீளம்தான். 6 அடி 6 அங்குலம் வாங்கினால் நல்லது, வாங்கும் வரை ராட்டைத் தண்ணீருக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடித்துச் சுண்டுங்கள். வலது கைக்காரர் என்றால் லூர் வரும் திசைக்கு வலப்பக்கம், நுனி நீரிலிருந்து ஒரு சாண் உயரம். லூர் நடப்பதற்குச் சுண்டல் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பது விதி அல்ல. சுண்டிய உடனே நுனி லூரை நோக்கித் திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் விதி. அந்தத் தொய்வில்தான் தலை திரும்புகிறது. இழுத்துப் பிடித்தபடியே வைத்திருந்தால் எந்த லூரும் நேராகத்தான் வரும். சுண்டலுக்கு நான்கு ஐந்து அங்குலம் போதும், முழங்கை அசையக் கூடாது. ரீலைச் சுண்டலுக்கு அரைச் சுற்று சுற்றுங்கள், அதற்கு மேல் சுற்றினால் தொய்வு போய்விடும்.

ராட்டின் குணத்தையும் பாருங்கள். ஃபாஸ்ட் நுனி (நுனிப்பக்கம் மட்டும் வளைவது) சுண்டுவதற்கு வசதி. ஆனால் மீடியம் ஹெவி ஃபாஸ்டும் இழுபடாத பிரெய்டும் சேர்ந்தால் ட்ரெபிள் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இப்போது மோனோ போட்டிருக்கிறீர்கள், அதனால் கவலையில்லை. பின்னால் பிரெய்டுக்கு மாறினால் மீடியம், மாடரேட் ஃபாஸ்ட் (இன்னும் கீழே வரை வளையும்) ராட் எடுங்கள்.

பென்சில்பெய்ட்:

முள் ஏறாததற்குக் கையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு, அதை முதலில் பார்த்துவிடுங்கள். லூரோடு வரும் ட்ரெபிளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் சோதியுங்கள். நகத்தில் வைத்து லேசாக இழுத்தால் குத்தி நிற்க வேண்டும். வழுக்கினால் மாற்றுங்கள். மாற்றும்போது அதே அளவு, குட்டைத் தண்டு. ஓர் அளவு பெரிதாகப் போட்டால் வால் தாழ்ந்து நடை குறையும். ஜூனியர் போன்ற குட்டை உடலில் முன் முள்ளும் பின் முள்ளும் ஒன்றோடொன்று கொக்கிக்கொள்ளும். புது முள் போட்டதும் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பழைய நிலையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

பின் முள்ளுக்கு இறகு கட்டிய ட்ரெபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள். நடை கொஞ்சம் சுருங்கும், அது நட்டமில்லை. நிறுத்தும் நேரத்தில் இறகு விரிந்து அசைவதால் வால்பக்கமாக அடிக்கும் மீன் கூடும்.

கைப்பழக்கம் பற்றி: விராலுக்குத் தவளை போடும்போதும் உண்மையில் ஒரு நொடி பொறுப்பவர்களுக்கே மீன் அதிகம். இங்கே அந்தப் பொறுமை இன்னும் அவசியம். வெடிப்பைக் கண்டால் சுண்டுவதை நிறுத்தாதீர்கள், இழுக்கவும் வேண்டாம், அதே தாளத்தில் நடத்திக்கொண்டே இருங்கள். ராட்டில் கனம் தெரிந்த பிறகு பக்கவாட்டில் ஓர் அழுத்தமான இழுப்பு. முதல் அடி பெரும்பாலும் லூரை மேலே எறிந்துவிடும், மீன் திரும்பி வந்து இரண்டாவது முறை வாயில் போடும். நுரை கண்டு இழுத்தால் அந்த இரண்டாவது அடிக்கு லூர் அங்கே இருக்காது. அதோடு இரண்டு ட்ரெபிளும் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கயாக்கில் தாழ உட்கார்ந்திருப்பவருக்கு இது உண்மையான ஆபத்து, இருட்டு விலகாத நேரத்திலும் கண்ணாடி போடாமல் வீசாதீர்கள்.

தொடர்ந்து அடித்துவிட்டுத் தவறினால் அந்த மீன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது ராட்டில் எடை போடாத 5 அங்குல ஸாஃப்ட் ஸ்டிக் பெய்ட் (குச்சி போன்ற மென்பிளாஸ்டிக் இரை) தயாராக இருக்கட்டும். வெடித்த வளையத்துக்கு ஓரிரு அடி தள்ளி உடனே போட்டு, அதுவாக இறங்க விடுங்கள். நரம்பு பக்கவாட்டில் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சிம்கோதங்கூஸ்:

மீன் வந்தால் வாயில பெருவிரல் விட்டுத் தூக்காதையுங்கோ. ஒரு ட்ரெபிள் மீனில, மற்றது உங்கட கையில எண்டு ஆகும். 7 அங்குல நீட்டுக் குறடு, ஒரு லிப் கிரிப் (மீன் வாயைப் பிடிக்கிற கருவி), ரப்பர் பூசின வலை, மூண்டும் கயாக்கில கைக்கெட்டுற இடத்தில கட்டி வையுங்கோ. நூல் வலையில ட்ரெபிள் சிக்கினால் கழட்ட அரை மணித்தியாலம் போகும், அதுக்குள்ள விடியலும் முடிஞ்சிடும்.

நீர்மேல் சொன்ன ஸாமியோ, பென்சில்பெய்ட் சொன்ன ஜூனியரோ எண்டால், நீங்கள் துறைக்குப் பக்கத்தில வீசுறது கூட எண்டால் ஸாமி, திறந்த கரை வழிய நடந்து வீசுறது கூட எண்டால் ஜூனியர். கைவசம் இருக்கிற 4½ அங்குலத்தை எறியாதையுங்கோ, காத்தடிக்கிற நாளுக்கு அதுதான் வேணும்.