இடுப்புச் சிரை அடைப்பு: ஸ்டென்ட் (சிரையைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர்கள் உண்டா?

பினாங்கு, பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அக்காவுக்கு 38 வயது. 2019இல் பிரசவம் முடிந்த மூன்றாம் வாரம் இடது காலில் இரத்தம் உறைந்தது. இப்போது இடது இடுப்புச் சிரை முழுவதும் அடைந்துவிட்டதாக சிடி ஸ்கேன் காட்டுகிறது.

இரத்தம் மாற்றுவழி தேடிக்கொண்டது. அடிவயிற்றின் கீழே இடமிருந்து வலமாக, சுண்டுவிரல் பருமனில் நீலச் சிரைகள் நெளிந்து புடைத்திருக்கின்றன. சந்தைவரை நடந்தாலே தொடை வெடித்துவிடும்போல் வலிக்கிறது. காலைத் தூக்கி வைத்தால்தான் தணிகிறது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அழுத்தக் காலுறை இரண்டும் பார்த்தாகிவிட்டது. புடைத்த சிரைகளை அகற்றலாம் என்றார் ஒரு மருத்துவர். இரத்தம் திரும்பும் பாதையே அதுதான், தொடாதீர்கள் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் சொன்னதே சரியாகப் படுகிறது.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இவ்வளவு பழைய அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் எந்தத் துறை மருத்துவரிடம் போனீர்கள்?