சொக் அப்சோபர்: ‘அதிர்வுதாங்கி’ வேண்டாம், ‘அலைவடக்கி’ என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வாகனத்தில் வில்லோடு சேர்த்துப் பூட்டும் சொக் அப்சோபருக்கு (ஷாக் அப்சார்பர், சுருக்கமாகச் சொக்) ‘அதிர்வுதாங்கி’ என்ற பெயரே நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும், ஓரளவு புழங்கிவிட்ட சொல்லைக் கிளற வேண்டாம் என்று சென்னை நண்பர் போன கிழமை எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெயர் அந்தப் பொருள் செய்யாத வேலையைச் சொல்கிறது. அதை நம்பி எங்கள் வீட்டு வாகனத்துக்கே பிழையான வைத்தியம் பார்த்தோம். அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்பது விளங்கும்.

மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் என் மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் ட்ரவலர் நிற்கிறது. மைனர் காரின் ஸ்டேஷன் வேகன் வடிவம் அது. 1953 தொடக்கம் 1971 வரை செய்தார்கள். பின்பாதி உடம்பு ஆஷ் மரச் சட்டத்தில் கட்டியது. அந்த மரம் அழகுக்கு ஒட்டியதல்ல, கூரையையும் பக்கங்களையும் அதுவேதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாமா எஞ்சினை எப்போதோ மாற்றிவிட்டார். இப்போது உள்ளே ஓடுவது நிசான் எஞ்சின், ஐந்து கியர். பின்பக்கம் மட்டும் பழையபடியே இருந்தது: இரண்டு பக்கமும் தகட்டு வில் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்), அவற்றோடு நெம்புகோல் வகைப் பழைய சொக்.

பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் மாமா நாலைந்து நெல் மூடையை அதிலேயே ஏற்றிக்கொண்டு வருவார். கிரவல் வீதியில் ஒவ்வொரு மதகிலும் பின்பக்கம் குந்தி, அச்சு போய் ரப்பர் கட்டையில் இடிக்கும். ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். பார்த்த பாஸ் (மெக்கானிக்), “தம்பி, சொக் அடிச்சுப்போச்சு. நல்ல பாரமான சொக் ரெண்டு போட்டா அதிர்வெல்லாம் தாங்கும்” என்றார். போட்டோம். கீழ் முனை வில்லின் அடித்தட்டில், மேல் முனை ஒரு இரும்புத் துண்டு வைத்து மரச் சட்டத்தில்.

பின்பக்கம் ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. மூடை ஏற்றினால் முன்போலவே குந்தியது. வெறும் வண்டியாக ஓடும்போது கல்லில் ஏறினால் முதுகில் உதைப்பதுபோல் இருந்தது. இரண்டு மாதத்தில் போல்ட் போட்ட இடத்தில் மரம் நரம்போடு பிளந்துவிட்டது. மாமா அன்று பேசாமல் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நோய் சொக்கில் இருக்கவில்லை, வில்லில் இருந்தது. ஐம்பது அறுபது வருடம் பாரம் சுமந்து தகடுகள் வளைவு இழந்து நேராகிவிட்டிருந்தன. வாகனத்தின் பாரத்தைத் தாங்குவதும் வில், பள்ளத்தில் விழும்போது வருகிற அடியை வாங்குவதும் வில். சொக் இந்த இரண்டையும் செய்வதில்லை. ஒரு சாதாரண ஒயில் சொக்கைக் கையில் எடுத்து நிமிர்த்தி வைத்து மேலிருந்து அமுக்கிப் பாருங்கள். மெதுவாக உள்ளே போகும். கையை எடுத்தால் போன இடத்திலேயே கிடக்கும், திரும்பி வராது. அதன்மேல் ஒரு நெல் மூடையை வைத்தால் ஆறுதலாக இறங்கி அடியில் போய் நின்றுவிடும். பாரம் தாங்கத் தெரியாத பொருளுக்கு ‘தாங்கி’ என்று பேர் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் அது என்ன செய்கிறது? அடியை வாங்கிய வில் அந்த ஆற்றலைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். கொடுத்ததும் உடம்பு மேலே போகும், கீழே வரும், மறுபடி போகும். கார்களில் இந்த ஆட்டம் பொதுவாக வினாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் அலைவு என்று படித்தோம். சொக்குக்குள் இருக்கும் உந்தி (பிஸ்டன்) ஒயிலைச் சின்னத் துளைகளுக்குள்ளால் தள்ளுகிறது. அந்தச் சிரமத்தில் அலைவின் ஆற்றல் வெப்பமாகிறது, ஆட்டம் அடங்குகிறது. கிரவல் வீதியில் ஓடிவிட்டு இறங்கிச் சொக்கைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூடு, அடங்கிப்போன ஆட்டம்தான்.

ஆகவே ‘அலைவடக்கி’. அலைவை அடக்குவது. “ஆட்டம் அடங்கிவிட்டது” என்று ஊஞ்சலுக்கும் சொல்கிறோம், மனிதருக்கும் சொல்கிறோம். யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை.

இனி நண்பர்கள் முன்வைத்த மறுப்புகள். ஒருவர் எழுதியது:

> இயற்பியலில் ‘தணிப்பு’ என்ற சொல் ஏற்கனவே வழங்குகிறது. ‘தணிப்பி’ என்று வைத்தால் குடும்பம் ஒன்றாக இருக்குமே.

இது நல்ல வாதம், நானும் இரண்டு நாள் அதன் பக்கமே இருந்தேன். ஆனால் தமிழில் தணிவது எது? தாகம், கோபம், சூடு. வாகனத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘தணிப்பி’ என்றால் முதலில் ரேடியேட்டர்தான் நினைவுக்கு வரும், அதுதானே சூட்டைத் தணிக்கிறது. சொக்கோ தன் வேலையைச் செய்யும்போது சூடாகிற பொருள். புத்தகத்தில் தணிப்பு இருக்கட்டும். எஞ்சினும் ரேடியேட்டரும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் ‘அடக்கி’ என்பதே குழப்பம் இல்லாதது.

‘அதிர்வு’ என்ற முதற்பாதி பற்றியும் சொல்ல வேண்டும். அதிர்வு என்றால் எனக்குக் காதில் கேட்பது வேகமான, சிறிய நடுக்கம்: எஞ்சின் ஓடும்போது கண்ணாடி கிடுகிடுப்பது போல. உடம்பு வினாடிக்கு ஒருதரம் எழும்பி விழுவது அதிர்வல்ல. அதே காரில் எஞ்சினுக்கு அடியில் ரப்பர் வைத்து இருத்தியிருக்கிறார்களே, எஞ்சின் மவுண்டிங், அது உண்மையிலேயே பாரத்தையும் தாங்குகிறது, அதிர்வையும் உடம்புக்குப் போகாமல் பிடிக்கிறது. ‘அதிர்வுதாங்கி’ என்ற பெயர் அச்சொட்டாகப் பொருந்துவது அதற்குத்தான். சொல்லை எறிய வேண்டாம், உரிய இடத்துக்கு மாற்றிவிடுவோம்.

இன்னொன்று, இது எங்கள் பக்கத்துச் சிக்கல். இலங்கையில் ‘தாங்கி’ என்றால் டாங்க். தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி என்று ஒவ்வொரு நாளும் எழுதுகிறோம். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் அதிர்வுதாங்கி என்று ஒரு வரியில் வந்தால் வாசிக்கிற பொடியன் என்ன நினைப்பான்?

வில்லைப் பற்றி. சென்னை நண்பர்கள் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் ‘சுருள்வில்’ என்றே எழுதுகிறீர்கள். ட்ரவலரின் பின்பக்கத்தில் சுருளே இல்லை, வளைத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் வெறும் ‘வில்’ என்றே இருந்தது. ஸ்பிரிங் தராசை விற்றராசு என்று படித்தது எனக்கு இன்றும் ஞாபகம். வில் என்பதைப் பொதுச் சொல்லாக எடுத்துக்கொண்டால் தகட்டு வில், சுருள் வில், காற்று வில் என்று வகை வகையாகப் பிரிக்கலாம். வில்லு வண்டி என்று தமிழர் சொன்னதும் இந்தத் தகட்டு வில் வைத்த வண்டியைத்தான். (பொத்துவில், தம்பிலுவில் என்ற எங்கள் ஊர்ப் பெயர்களில் வில் என்றால் நீர்நிலை. அது வேறு வில், ஆனால் எழுதும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது.)

வில்லு வண்டிக்கு ஏன் சொக் தேவைப்படவில்லை என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அருமையான கேள்வி. வண்டியின் வேகம் குறைவு என்பது ஒன்று. மற்றது, தகடுகள் ஒன்றோடொன்று உரசும்போது அந்த உராய்வே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். தகட்டு வில் தானே பாதி அலைவடக்கி. தகடுகளைக் குறைத்து, நடுவில் தடித்து முனையில் மெலியும் பரவளைவு வில்லாக மாற்றுகிறவர்கள் இந்த உராய்வை இழக்கிறார்கள். சவாரி மென்மையாகும், அதே நேரம் அலைவடக்கி நல்லதாக இருக்க வேண்டும். பாருங்கள், இந்தப் பத்தியை ‘அதிர்வுதாங்கி’ என்ற சொல்லை வைத்து எழுதவே முடியாது, விளக்கம் பாதியில் உடைந்துவிடும்.

ஒரு கலைச்சொல்லை நான் சோதிக்கும் முறை இதுதான்: அதை வைத்து ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்க முடிகிறதா? மாமாவின் வாகனத்தில் இரண்டாம் தடவை செய்ததை இந்தச் சொற்களிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தகட்டு வில்களைக் கழற்றி, களைத்த தகடுகளை மாற்றி, வளைவு ஏற்றினோம். வாகனத்தை மட்டமான தரையில் நிறுத்தி, பாரம் இல்லாமலும் மூடை ஏற்றியும் உயரத்தை அளந்தோம். உயரம் சரியாக வந்த பிறகே அலைவடக்கியைத் தொட்டோம். பழைய நெம்பு அலைவடக்கி தளத்தின் அடியில் பூட்டியது. அதன் கை ஓர் இணைப்புக் கோலால் வில்லோடு சேரும், உள்ளே ஒயில் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். அதை எடுத்துவிட்டுக் குழல் அலைவடக்கி போட்டோம். குழலுக்குள் குழல் நுழைவதால் ‘குழல்’. ஆங்கிலத்தில் டெலஸ்கோப்பிக் என்பதை ‘தொலைநோக்கி வகை’ என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டாம், இதில் நோக்குவதற்கு ஒன்றுமில்லை.

மேல் முனையை இந்தத் தடவை மரத்தில் வைக்கவில்லை. தளத்தின் இரும்புச் சட்டங்களை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் வெல்டிங் செய்து அதில் பூட்டினோம். நீளம் தெரிவதற்கு அச்சு முழுவதும் மேலே போனால் எவ்வளவு, முழுவதும் கீழே தொங்கினால் எவ்வளவு என்று இரண்டையும் அளக்க வேண்டும். அலைவடக்கி முற்றாகச் சுருங்கும் முன் ரப்பர் கட்டை இடிக்க வேண்டும். இல்லையென்றால் அலைவடக்கியே கட்டையின் வேலையைச் செய்யப் போய் உடையும். சாய்வும் முக்கியம். நேராக நிற்கும்போது முழு அடக்கம். 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கு. 45 பாகையில் அரைவாசிதான். சாய்வின் கோசைன் வர்க்கப்படி குறையும். இடமில்லை என்று படுக்கவைத்துப் பூட்டிவிட்டு “சொக் சரியில்லை” என்று சொல்வது இதனால்தான்.

கடைசியில் ஒரு பக்க மூலையை அமுக்கி விட்டுப் பார்த்தோம். ஒருதரம் எழும்பியது, இறங்கி நின்றது. முதல் தடவை பார்த்த அதே பாஸ்தான் பக்கத்தில் நின்றார். “இது அலைவடக்கி, இதுதான் ஆட்டத்தை அடக்குது. பாரம் முழுக்க வில்லில” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப போனமுறை வில்லைத்தான் பாத்திருக்கணும்” என்றார். நான் சொல்லாமலே அவர் கண்டுகொண்டார். நல்ல மனிதர், கைவேலை தெரிந்தவர். அவருக்கு நாம் கொடுத்த பெயர்தான் பிழை.

வில், அலைவடக்கி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சஸ்பென்ஷன் என்ற பெரிய சொல் பற்றி அதிகம் சொல்லவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பின்புற இடைநீக்கம்’ என்று வருவதைப் பார்க்கிறேன். இடைநீக்கம் வேலையிலிருந்து ஒருவரை நிறுத்துவது, அதை இங்கே ஏற்கவே கூடாது. ‘தொங்கல்’ மூலச் சொல்லுக்குச் சரியாக வரும், பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வாரில் தொங்கவிட்டார்கள். இன்றைய காரில் அப்படி இல்லை. ‘வில்லமைப்பு’ போதும் என்பது என் எண்ணம்.

பனார் கோல் என்று பிரெஞ்சுக் கம்பனியின் பேரால் வழங்குகிற கோல் ஒன்று இருக்கிறது. சுருள் வில்லுக்கு மாறுகிறவர்களுக்கு அது வேண்டும், ஏனென்றால் தகட்டு வில் அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கும், சுருள் வில் பிடிக்காது. ‘குறுக்குப்பிடி’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

“எல்லாரும் சொக் என்றுதான் சொல்கிறார்கள், பிறகு ஏன் இந்தப் பாடு” என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சொல்லட்டும், நானும் கராஜில் சொக் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எழுதிக் கற்பிக்கிற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். 1892இல் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் படித்தவர், 1930களில் சென்னைக்குப் போய் அறிவியல் கலைச்சொல்லாக்கத்தில் முன்நின்று உழைத்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு பிழையென்று தெரிந்த பெயரை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. மக்கள் வாயில் நல்ல சொல் இருந்தால் அதையே எடுப்பேன். குருமண்வெளியில் வாகனத்தை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஆட்கள் ‘பாதை’ என்கிறார்கள். அதற்கு யாரும் புதுச் சொல் செய்யத் தேவையில்லை. சொக்குக்கு அப்படி ஒரு சொல் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. மன்னார், திருகோணமலை, கன்னியாகுமரிப் பக்க நண்பர்கள் உங்கள் கராஜ்களில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். அப்படி ஒன்று வந்தால் அலைவடக்கியை நானே திரும்பப் பெறுகிறேன்.

முன்பக்கத்தில் மைனருக்கு வில்லாக இருப்பது முறுக்குத் தண்டு (டோர்ஷன் பார்). அதற்கான சொற்களைத் தனி மடலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து