நிறுவனங்களுக்கான இணையச் சந்தையில் மைக்ரோசாஃப்ட் நிலைத்தது எதனால், இனி நிலைக்குமா?

கேள்வி:

இணையம் அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது மைக்ரோசாஃப்ட் பின்தங்கியிருந்தது என்பதற்கு, 1995 மே மாதம் பில் கேட்ஸ் இணையத்தைப் பேரலை என்று வருணித்துத் தம் அதிகாரிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையே சான்று. அடுத்த ஆண்டே, வலைத்தளங்களை வழங்கும் மென்பொருளான வலை சர்வர்களில் அப்பாச்சி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும், நிறுவனங்களுக்கு இணையம் வழியாகக் கணினித் திறனை வாடகைக்கு விடும் கிளவுட் சேவையில் அமேசானுக்கு அடுத்த இடத்தை மைக்ரோசாஃப்ட் எவ்வாறு பிடித்தது? மேசைக்கணினிகளில் விண்டோஸ் இருந்தது மட்டுமே காரணமா? வரும் ஆண்டுகளில் இந்த இடம் நிலைக்குமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

வலை சர்வர் போட்டியை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் ஐ.ஐ.எஸ். என்ற தன் வலை சர்வரை இலவசமாகக் கொடுத்தது, சர்வர் மென்பொருளை விலைக்கு விற்றுவந்த நெட்ஸ்கேப்பைத்தான் பாதித்தது. தானும் இலவசமாகவே கிடைத்த அப்பாச்சியை அது அசைக்கவில்லை. 1997 இறுதியில் வாங்கிய இணைய அஞ்சல் சேவையான ஹாட்மெயிலைக்கூட மைக்ரோசாஃப்ட் சில ஆண்டுகள், விண்டோஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் இயங்குதளங்கள் கொண்ட கணினிகளிலேயே நடத்த வேண்டியிருந்தது.

அது வென்றது அலுவலகத்தின் உட்புறத்தை. 1996இல் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரும், 2000இல் ஊழியர் பட்டியலை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் வந்தன. ஊழியர் யார், அவருடைய கடவுச்சொல் எது, எந்தக் கோப்பை அவர் திறக்கலாம் என்பதெல்லாம் ஒரே பட்டியலுக்குள் வந்தபின், அந்தப் பட்டியலை மாற்றுவதென்றால் அஞ்சல்பெட்டி முதல் அச்சுப்பொறி வரை அனைத்தையும் மாற்ற வேண்டும் என்பது எந்தக் கணினி நிர்வாகிக்கும் தெரியும். 2011இல் ஆபீஸ் 365 வந்து அஞ்சல்பெட்டிகள் மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களுக்கு நகர்ந்தபோது, பட்டியலும் உடன் சென்றது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூருக்கு வந்த பெரிய வாடிக்கையாளர்கள் பலர் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்கள்.

மறுமொழி 2:

பட்டியல் ஒன்றே போதும் என்றால், அலுவலக வலையமைப்பு மென்பொருள் நிறுவனமான நாவெல் வென்றிருக்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரிக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1993இல், தன் நெட்வேர் 4 மென்பொருளுடன் அது இத்தகைய பட்டியலைக் கொண்டுவந்துவிட்டது. எழுத்து, கணக்கு, அஞ்சல் ஆகிய அன்றாட வேலைகள் அனைத்தும் பட்டியலை வைத்திருந்த மைக்ரோசாஃப்டின் மென்பொருளிலேயே நடந்ததுதான் வேறுபாடு; 1994இல் எழுத்து மென்பொருளான வேர்டுபெர்ஃபெக்டை வாங்கிய நாவெல், இரண்டே ஆண்டில் அதை விற்றுவிட்டது.

இன்னொன்றையும் விடக்கூடாது. 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு (தானாகப் பரவும் தீநிரல்) மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஐ.ஐ.எஸ். வழியாகப் புகுந்தது, செப்டம்பரில் நிம்டா என்ற இன்னொரு புழு வந்தது. 2002 ஜனவரியில் கேட்ஸ் பாதுகாப்பையே முதற்கடமையாக அறிவித்து, விண்டோஸ் உருவாக்கப் பணியை நிறுத்திவைத்து நிரல்களைச் சோதிக்கச் செய்திராவிட்டால், எந்த வங்கி தன் அஞ்சலை அவர்களிடம் ஒப்படைத்திருக்கும்? 2001இல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் புற்றுநோய் என்று சாடிய திறமூல இயங்குதளமான லினக்ஸை, 2012இல் அதே நிறுவனம் அஷூரில் ஏற்றுக்கொண்டதும் அதே அளவு முக்கியமான முடிவு என்பது என் கருத்து.

மறுமொழி 3:

எதிர்காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோல் என்ற ஏற்பாடே இப்போது அதன் பெரிய ஆபத்தாகவும் இருக்கிறது. 2023இல், பயனரின் உள்நுழைவுக்குச் சான்றளிக்கும் மைக்ரோசாஃப்டின் ஒரு கையொப்பச் சாவி திருடப்பட்டு, அதைக் கொண்டு அமெரிக்க வணிகத்துறைச் செயலர் உள்ளிட்டோரின் அஞ்சல்கள் படிக்கப்பட்டன. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பண்பாடு போதாது என்று அந்நாட்டு அரசின் ஆய்வுக் குழு 2024இல் வெளிப்படையாகவே கண்டித்தது. அலுவலக உரையாடல் மென்பொருளான டீம்ஸை ஆபீஸுடன் சேர்த்து விற்பது குறித்து ஐரோப்பிய ஆணையம் 2023இல் விசாரணை தொடங்கியபின், இரண்டையும் பிரித்து விற்க நேர்ந்தது.

ஆயினும் பெரிய நிறுவனங்கள் அவ்வளவு எளிதில் வெளியேறா. மாற்றும் செலவு அப்படி. சர்வர் அறையே வைத்துக்கொள்ளாமல் தொடங்கப்படும் புதிய நிறுவனங்கள், முதல் நாளே கூகுளின் அஞ்சலையும் ஊழியர் உள்நுழைவைச் சரிபார்க்க வேறொருவரின் அடையாளச் சேவையையும் எடுத்துக்கொள்கின்றன. அவை வளர்ந்து பெரிதாகும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் நான் கவனித்து வருகிறேன்.