சங்கங்கள் தாமாகவே கதவைத் திறந்தனவா?

மதியழகி:
பக்கத்துத் திரியில் சங்கத்துக்காரர் ஐயா ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அங்கே பதில் போட்டால் ‘பேச்சு திசை மாறுகிறது’ என்று தூக்கிவிடுகிறார்கள், அதனால் இங்கே. அவர் எழுதியது இது: “சேவைச் சங்கங்கள் பெண்களைத் தாமாகவே வரவேற்றன, யாரும் தடுக்கவில்லை. ஆனால் இன்றைய இளம்பெண்கள் பதவி கிடைத்ததும் சேவையை விட்டுவிட்டு சமத்துவம் பேசக் கிளம்பிவிடுகிறார்கள்.”

தாமாகவேவா? ரோட்டரி தொடங்கியது 1905. 1977-இல் கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் கிளப் மூன்று பெண்களைச் சேர்த்தது. தலைமையகம் மாலை போட்டு வரவேற்றதா? மறுவருடமே அந்தக் கிளப்பையே நீக்கியது! அவர்கள் சட்டையில் குத்தும் சக்கரச் சின்னத்தின் மேல் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, ‘முன்னாள் ரோட்டரி கிளப்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கோர்ட் கோர்ட்டாக ஏறினார்கள். 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது, ஏழு பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. அதற்கப்புறம்தான் கதவு அசைந்தது. இதற்குப் பெயர் வரவேற்பு என்றால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

சங்கத்துக்காரர்:
தங்கச்சி, பாதி படித்துவிட்டு முழுசாகப் பொங்கக்கூடாது. 1987 தீர்ப்பு கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தை ஒட்டி வந்தது. மற்ற நாட்டுக் கிளப்புகளை அது ஒரு அங்குலம்கூட அசைக்க முடியாது. உலகம் முழுக்க ‘ஆண்கள் மட்டும்’ விதி போனது எப்போது? 1989-இல். எப்படிப் போனது? ரோட்டரியின் விதிகளை மாற்றும் சட்டவிதிப் பேரவையில் எங்கள் பிரதிநிதிகள் வாக்களித்து. எந்த நீதிபதி வந்து கையைப் பிடித்து வாக்குப் போட வைத்தார்? தாமாகவே என்றுதான் சொன்னேன், சொல்வேன். 1989.

எட்டிப்பார்த்தவன்:
ஓ, ஆரம்பிச்சாச்சா. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

மதியழகி:
முதலில் தங்கச்சி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். மூன்றாவது முறை சொல்கிறேன்.

1905-லிருந்து 1989 வரை எத்தனை வருடம்? 84. எண்பத்து நான்கு வருடம் வராத ஞானோதயம், உச்ச நீதிமன்றம் குட்டிய இரண்டே வருடத்தில் வந்ததாம், அதுவும் தாமாகவே. லயன்ஸ் சங்கம் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தது எந்த வருடம் என்று பாருங்கள், அதுவும் 1987. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மனசு இளகியது போலிருக்கிறது.

இதைவிட எனக்கு எரிச்சல் அந்த இரண்டாவது வாக்கியம்தான். ‘பதவி கிடைத்ததும்.’ எந்தப் பதவி ஐயா? நானும் ஒரு சங்கத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். என்னைத் தலைவர் என்று மேடையில் உட்கார வைத்தார்கள், பேனரில் நடுவில் படம். செக்கில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு? முன்னாள் தலைவருக்கும் பொருளாளருக்கும். இரண்டு பேரும் ஆண்கள். ரத்ததான முகாமுக்குப் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கவேண்டும் என்றால் நான் செக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அலுவலகத்துக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் அலையவேண்டும். ஒருவர் போட்டுவிடுவார். இன்னொருவர், “எதுக்கும்மா இவ்வளவு செலவு, போன வருடம் இதில் பாதிதானே” என்று ஆரம்பிப்பார். போன வருடம் முகாமே நடக்கவில்லை. அப்புறம் கூட்டத்தை இரவு எட்டரைக்கு வைப்பார்கள், நான் வராவிட்டால் ‘ஈடுபாடு இல்லை’ என்று மினிட்ஸில் ஏறும். அந்த மினிட்ஸை எழுதுவதும் இன்னொரு பெண்தான், பாவம், அவள் கையாலேயே எழுத வைப்பார்கள். உலகம் முழுக்க சம்பளமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்கள் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குச் சொன்னது. அந்த வேலை நடக்கும் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு ஈடுபாட்டை அளக்கிறார்களாம்.

சங்கத்துக்காரர்:
உங்கள் சொந்தச் சங்கத்துக் கதையெல்லாம் எனக்கெதற்கு. நான் கேட்டது ஒரே கேள்வி. 1989 வாக்கெடுப்பில் நீதிபதி இருந்தாரா இல்லையா? பதில் இல்லை. செக், பந்தல், மினிட்ஸ் என்று ஊர் சுற்றுகிறார்.

எங்கள் சங்கத்தில் இப்போது தலைவர், செயலாளர் இரண்டு பேரும் கல்லூரி முடித்த பெண்கள். நான்தான் பரிந்துரைத்தேன். அதற்காக நன்றி எதிர்பார்க்கவில்லை, ஆனால் குறை மட்டும் சொல்லாதீர்கள்.

எட்டிப்பார்த்தவன்:
நன்றி எதிர்பார்க்காதவர் அதை எல்லாத் திரியிலும் சொல்லிவிடுகிறார்.

அமுதினி:
இரண்டு பேர்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. மதியழகி, நீங்கள் எல்லாவற்றையும் செக் கையெழுத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். சங்கம் தராத அதிகாரத்துக்காக அழுதுகொண்டிருப்பதை விட, வெளியே வந்து நாலு பேர் சேர்ந்து வேலையைச் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், எங்களுக்குப் பேனரும் இல்லை, முன்னாள் தலைவரும் இல்லை.

சங்கத்துக்காரருக்கு: சேவை வேறு, சமத்துவப் பேச்சு வேறு என்கிறீர்களே, அந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்? ஒரு பள்ளிக்கு நாப்கின் கொடுக்கப் போயிருந்தோம். அட்டைப்பெட்டியை இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, எல்லாம் ஒழுங்காக நடந்தது. கழிப்பறையை எட்டிப் பார்த்தால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை மட்டும். ஒரு பெண் உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவர்களுக்குள் முறைகூட வைத்திருந்தார்கள். இந்த நாப்கினை அந்தப் பிள்ளைகள் எங்கே போய் மாற்றுவார்கள்? அன்றே மனு எழுதிக் கொடுத்தோம். எங்களோடு வந்த ஒரு பெரியவர், “கொடுக்க வந்தோம், கொடுத்தோம், போட்டோ எடுத்தாச்சு, மனு கினு எல்லாம் நமக்கு வேண்டாம்” என்றார். நாப்கின் கொடுத்தால் சேவை, தாழ்ப்பாள் கேட்டால் அரசியலா?

சங்கத்துக்காரர்:
தாழ்ப்பாள் என்ன விலை? நீங்களே வாங்கிப் போட்டிருக்கலாமே. அதுதான் சேவை. மனு எழுதுவது சோம்பேறித்தனம்.

மதியழகி:
ஆமாம், எல்லாப் பள்ளிக்கும் அமுதினியே திருப்புளியோடு போய் முடுக்கிவிட்டு வரட்டும். பராமரிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் கை கட்டி வேடிக்கை பார்க்கட்டும். ரொம்ப அழகு.

அமுதினி, என் செக் கதை அழுகை இல்லை. கணக்கு. வெளியே வந்து செய்கிறோம் என்கிறீர்கள், சந்தோஷம், ஆனால் அங்கேயும் நாளைக்குப் பணம் சேர்ந்ததும் யாராவது ஒரு அண்ணா ‘நான் பார்த்துக்கிறேம்மா’ என்று வருவார், அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமுதினி:
உங்களை நினைப்பதற்கு எனக்கு நேரமில்லை. எங்கள் கணக்கை நானே எழுதுகிறேன்.

எட்டிப்பார்த்தவன்:
சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ‘இளம்பெண் தலைமை’ எல்லாம் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். மலாலா ஒருவர். 17 வயதில் நோபல். சரி, அடுத்த பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். விதிவிலக்கை வைத்து விதி எழுதாதீர்கள்.

அமுதினி:
பெயர் தெரியாதது உங்கள் குறை. ஜிம்பாப்வேயில் லவ்னெஸ் முட்ஸுரு, ருவிம்போ சோபோட்ஸி என்ற இரண்டு இளம்பெண்கள், இரண்டு பேரும் சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து அனுப்பப்பட்டவர்கள், அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் தீர்ப்பு: 18 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ யாருக்கும் கல்யாணம் செல்லாது. தான்சானியாவில் ரெபெக்கா க்யூமி என்ற இளம் வழக்கறிஞர், பெற்றோர் சம்மதித்தால் 15 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாம் என்ற சட்டப் பிரிவை எதிர்த்து 2016-இல் ஜெயித்தார். அரசாங்கம் விடவில்லை, மேல்முறையீடு போனது, 2019-இல் அதிலும் அவர்தான் ஜெயித்தார். போதுமா, இன்னும் வேண்டுமா?

சங்கத்துக்காரர்:
இவை வழக்குகள். சேவை அல்ல. நான் சொன்னதைத்தான் நீங்களும் நிரூபிக்கிறீர்கள்.

மதியழகி:
பாருங்கள், அமுதினி தாழ்ப்பாள் கேட்டால் ‘வாங்கிப் போடு’ என்கிறார். வழக்குப் போட்டால் ‘சேவை இல்லை’ என்கிறார். வழக்குப் போட்டதால்தான் இன்று அவர் சங்கத்தில் பெண் தலைவர் இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்கமாட்டார். டுவார்ட்டே கிளப்பில் 1987-இல் சில்வியா விட்லாக் தலைவரானார். ரோட்டரிக்கே உலகத் தலைவராக ஒரு பெண் வந்தது 2022-இல், ஜெனிஃபர் ஜோன்ஸ். நடுவில் 35 வருடம். தாமாகவே திறந்த கதவு இவ்வளவு மெதுவாகவா திறக்கும்?

சங்கத்துக்காரர்:
நீங்களே 1987, 2022 என்கிறீர்கள். 1989-ஐ மட்டும் லாவகமாகத் தாண்டுகிறீர்கள். ஏன்? வாக்கெடுப்பு என்ற வார்த்தையே உங்களுக்குக் கசக்கிறது.

மதியழகி:
தாண்டவில்லை. 1989 வாக்கெடுப்பு நடந்தது. நடக்க வைத்தது எது என்றுதான் முதல் பதிவிலிருந்து கேட்கிறேன். கோர்ட்டில் தோற்ற பின்னாலும் அமெரிக்காவில் ஒரு விதி, வெளியே ஒரு விதி என்று எத்தனை நாள் ஓட்டியிருப்பீர்கள்?

சங்கத்துக்காரர்:
ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. அதுதான் பெருந்தன்மை.

எட்டிப்பார்த்தவன்:
பெருந்தன்மை என்றதும் ஞாபகம் வருகிறது. மரம் நடும் திரியில் உங்கள் சங்கம் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று கேட்டிருந்தேன். அன்றைக்கு ஓடிப்போனவர் இன்றுதான் கண்ணில் படுகிறார்.

சங்கத்துக்காரர்:
ஓடவில்லை, வேலை இருந்தது. அது அந்தத் திரிக்கான கேள்வி. இங்கே கேட்பது விதிமீறல், நெறியாளர் கவனிக்கவும்.

எட்டிப்பார்த்தவன்:
ஐநூறு கன்று, ஐநூறு போட்டோ, ஒரு குடம் தண்ணீர். மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

அமுதினி:
அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். முன்வரிசையில் கன்றைப் பிடித்திருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். குழி வெட்டிய பெண்கள் பின்னால், பாதி முகம் பேனருக்குள்.

சங்கத்துக்காரர்:
உயரமானவர்கள் முன்னால் நிற்கச் சொன்னது போட்டோகிராபர். இதற்கும் நானா?

மதியழகி:
உயரமானவர்களை முன்னால் நிறுத்தும் போட்டோகிராபரை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஐயா, உங்கள் சங்கத்தில் தலைவர் பெண், செயலாளர் பெண் என்று சொன்னீர்கள், நல்லது. செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

சங்கத்துக்காரர்:
தலைப்பு என்ன, கேள்வி என்ன? தலைப்பு ‘தாமாகவே திறந்தனவா’ என்பது. அதற்கு 1989 என்று ஆறு தடவை பதில் சொல்லிவிட்டேன்.

மதியழகி:
கையெழுத்து யார்?

சங்கத்துக்காரர்:
பொருளாளரும் ஆலோசகரும். அது வங்கி நடைமுறை, மாற்றினால் தேவையில்லாத அலைச்சல்.

எட்டிப்பார்த்தவன்:
ஆலோசகர் யாருங்க?

சங்கத்துக்காரர்:
நான்தான். அதில் என்ன தப்பு? அனுபவம் வேண்டாமா? நெறியாளர் இந்த ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள், மரத் திரியிலிருந்து என்னைத் துரத்திக்கொண்டே வருகிறார்.

அமுதினி:
தாழ்ப்பாள் வாங்கச் செக் போட்டுத் தருவீர்களா, ஆலோசகரே?

சங்கத்துக்காரர்:
முறைப்படி கடிதம் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறேன். மதியழகிக்கு: 1989 பற்றித் தனித் திரி தொடங்குகிறேன், தைரியம் இருந்தால் அங்கே வாருங்கள்.

மதியழகி:
கமிட்டி எத்தனை மணிக்கு? இரவு எட்டரையா?