போஸ்ட்மேனில் போகிறது, பிரவுசரில் 415. அவசரம்!

புதுவிசை: சர்வரின் ஏபிஐக்கு ஜேசன் வடிவில் டேட்டா அனுப்புகிறேன். ஏபிஐயைச் சோதிக்கிற போஸ்ட்மேன் ஆப்பில் ஒழுங்காகப் போகிறது. அதே யுஆர்எல், அதே பாடி, என் வெப் பக்கத்திலிருந்து அனுப்பினால் சர்வர் லாகில் 415. டேட்டாவோடு குறிப்பாகப் போகும் ஹெடரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்று ராத்திரிக்குள் முடிக்க வேண்டும், யாராவது சொல்லுங்களேன்.

காற்புள்ளி: "ஹெடரெல்லாம்" என்றால் எது எது? அனுப்புவது ஃபெட்ச் வழியாகவா, ஆக்ஸியோஸ் வழியாகவா? கோட் வரிகளைப் போடுங்கள்.

நடுநிசி: 415 என்றால், நீங்கள் அனுப்பிய டேட்டாவின் வகையை சர்வர் ஏற்கவில்லை. ஆக்செப்ட் ஹெடர் மட்டும் போட்டிருப்பீர்கள். அது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதற்கு. அனுப்புவது என்னவென்று சொல்ல கன்டென்ட்-டைப் வேண்டும். ஆக்செப்டில் தகராறு என்றால், கேட்ட வகையில் தர முடியாது என்கிற 406 வந்திருக்கும்.

பழம்புலி: 415 என்றால் என்னவென்று தேடிக்கூடப் பார்க்க மாட்டீர்களா? மாதம் நாலு பேர் இதே கேள்வி. கன்டென்ட்-டைப்பில் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சார்செட் யுடிஎஃப்-8ஐச் சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

காற்புள்ளி: புலி அண்ணே, அப்ளிகேஷன்/ஜேசனுக்கு சார்செட் என்று ஒன்றே கிடையாது. ஜேசனுக்கான தரநிலை ஆர்எஃப்சி 8259, 2017லேயே வந்தாச்சு.

பழம்புலி: பத்து வருடமாகப் போடுகிறேன் தம்பி. எந்த சர்வரும் ஏன் என்று கேட்டதில்லை.

காற்புள்ளி: கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற சர்வரிடம் மாட்டினால் அதற்கே 415 வரும்.

புதுவிசை: ஃபெட்ச்தான். கன்டென்ட்-டைப் அப்ளிகேஷன்/ஜேசன் போட்டிருக்கிறேன், சத்தியமாக.

நடுநிசி: சரி, நீங்கள் போட்டது இருக்கட்டும். போய்ச் சேர்ந்தது என்ன? நெட்வொர்க் டேபில் ரிக்வெஸ்ட் ஹெடரைப் பாருங்கள்.

புதுவிசை: டெக்ஸ்ட்/ப்ளெயின் என்று இருக்கிறது!! நான் எங்கேயும் அப்படி எழுதவில்லையே.

நடுநிசி: ஃபெட்ச்சின் மோடில் நோ-கார்ஸ் இருக்கிறதா? கார்ஸ் என்றால், ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் சர்வரோடு பேசலாமா என்று பிரவுசர் பார்க்கிற விதி.

புதுவிசை: ஆமாம். கார்ஸ் எரர் வந்தது, அதைப் போட்டதும் போய்விட்டது. அதையும் சொல்லணுமா?

நடுநிசி: அதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும்! அந்த மோடில் சாதா டெக்ஸ்ட்டும் இரண்டு ஃபார்ம் வகைகளும் மட்டுமே கன்டென்ட்-டைப்பாகப் போக முடியும். நீங்கள் எழுதிய ஜேசனை பிரவுசர் சத்தமில்லாமல் உதறிவிட்டு, பாடி ஸ்ட்ரிங்காக இருப்பதால் டெக்ஸ்ட்/ப்ளெயின் என்று ஒட்டி அனுப்பிவிட்டது. போஸ்ட்மேனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நோ-கார்ஸை எடுத்துவிடுங்கள். அப்புறம் பிரவுசர் முதலில் ஒரு ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் அனுப்பி சர்வரிடம் அனுமதி கேட்கும். அதற்கு சர்வர் தரும் பதிலில் அலவ்-ஆரிஜின் ஹெடரில் உங்கள் தளமும், அலவ்-ஹெடர்ஸ் ஹெடரில் கன்டென்ட்-டைப்பும் இருக்க வேண்டும்.

பழம்புலி: சார்செட்டையும் சேர்த்தே போடட்டும், நஷ்டமில்லை.

காற்புள்ளி: அண்ணே!

புதுவிசை: 201 வந்துவிட்டது, சர்வர் ஏற்றுக்கொண்டது. நன்றி.

மூன்றாம்வரி: எனக்கும் இதே கதைதான். சர்வரில் எதை மாற்றினீர்கள்? அந்த வரியை மட்டும் போட முடியுமா?

மூன்றாம்வரி: புதுவிசை, இருக்கிறீர்களா?