மின்சைக்கிள் வாங்கலாமா? அவசரம், இன்றைக்குள் சொல்லுங்கள்

லயத்துப்பையன்:
வணக்கம். மின்சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 2,800 மலேசிய வெள்ளி. சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் ஹெல்மெட் இலவசம் என்கிறார் கடைக்காரத் தவுக்கே. சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஓட்டத்தான். வாங்கலாமா வேண்டாமா, ஒரே வரியில் சொன்னால் போதும்.

வயர்மேன்:
என்ன பேட்டரி? லித்தியமா, ஈயமா? எத்தனை வோல்ட்? இது தெரியாமல் ஒரு வரி என்ன, அரை வரிகூடச் சொல்ல முடியாது. ஈயம் என்றால் விட்டுவிடுங்கள். 48 வோல்ட் வண்டிக்கு நாலு பேட்டரி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு கிலோ. தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பாதி உயிர் போயிருக்கும்.

கோலசிலாங்கூர்க்காரி:
யாருக்கு வாங்குகிறீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? தார்ச்சாலையா, மண் சாலையா?

பழைய கிராணி:
தம்பி, இதே கேள்விக்கு நானே இங்கே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் தேடிப் படித்தால் அறிவு வளரும். பொருளை வாங்கப் போகிறவருக்கு அது என்ன பொருள் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

டியூப் டயர்:
எல்லாரும் பேட்டரியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். செம்பனை மட்டை முள் ஒன்று இருக்கிறதே, அதை யார் நினைக்கிறீர்கள்? மோட்டார் பெரும்பாலும் பின் சக்கரத்துக்குள்தான் இருக்கும். பஞ்சர் ஆனால் சாதா சைக்கிள் மாதிரி சட்டென்று கழற்ற முடியாது. ஒயர் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, சாக்கெட்டைப் பிரித்து, 18 ஸ்பானர் போட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். அச்சில் நாக்கு வைத்த வாஷர் ஒன்று இருக்கும். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பாக மாட்டினால் அச்சே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். இந்த வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற கடைகளும் உண்டு. முன் சக்கர மோட்டாரா, பின் சக்கர மோட்டாரா?

லயத்துப்பையன்:
அப்பாவுக்கு. செம்பனைத் தோட்டத்து கேட்டில் ஜாகா (காவலாளி) வேலை, இரவு ஷிப்ட். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், பாதி தார், பாதி செம்மண். பேட்டரி கறுப்பாகப் பெட்டி மாதிரி இருந்தது. 45 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போகும் என்றார் தவுக்கே.

வயர்மேன்:
கறுப்பாகப் பெட்டி மாதிரி! எல்லாம் அப்படித்தான் ஐயா இருக்கும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள். போக வர 12 கிலோமீட்டர்தானே? 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் 360 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் 25 கிலோமீட்டர் தாராளமாக வரும். மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியே போனால் ஏறக்குறைய 18. செம்மண் மேட்டில் இன்னும் குறையும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், முழுச் சார்ஜுக்கு அரை யூனிட்தான். ஆனால் வேறு வண்டியின் சார்ஜரை மாட்டாதீர்கள். 36 வோல்ட் லித்தியம் 42 வோல்ட்டில் நிறைந்துவிடும், 48க்கு உரிய சார்ஜர் 54.6 வரை ஏற்றும். மரப்பலகை லய வீட்டில் ராத்திரி முழுக்க அப்படி விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோலசிலாங்கூர்க்காரி:
பேட்டரி இருக்கட்டும். 45 போகுமா? பெடல் இருக்கிறதா? அப்பாவிடம் லைசென்ஸ் இருக்கிறதா?

லயத்துப்பையன்:
பெடல் சின்னதாக இருக்கிறது. லைசென்ஸ் செத்து (காலாவதியாகி) அஞ்சு வருஷம் இருக்கும். அதனால்தான் சைக்கிள்.

கோலசிலாங்கூர்க்காரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மிதிக்கும்போது மட்டும் உதவி செய்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானே நின்றுவிடும் 250 வாட் வண்டியைத்தான் சைக்கிள் கணக்கில் பேச முடியும். கைப்பிடியைத் திருகினால் 45 போகிறது என்றால், பேருக்குப் பெடல் வைத்திருந்தாலும் அது வேறு கணக்கு. பதிவு எண், சாலை வரி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு மின்ஸ்கூட்டர் மாதிரி வண்டிகளைச் சாலையில் ஓட்டத் தடை என்று அறிவித்தது நினைவிருக்கும். லைசென்ஸ் செத்து மூன்று வருஷம் தாண்டினால் புதுப்பிக்கவும் முடியாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும். தவுக்கேயிடம் சிரிம் தாள் (தரச் சான்றிதழ்) கேளுங்கள்.

பழைய கிராணி:
சும்மா பயமுறுத்தாதீர்கள். தோட்டத்துச் சாலை கம்பெனி நிலம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அங்கே என்ன செய்யும்? நாங்கள் அந்தக் காலத்தில் ரப்பர் பால்வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு விளக்கே இல்லாத சைக்கிளில் போனவர்கள்.

செம்பனை லோரி:
கிராணி ஐயா, 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பொதுமக்கள் போய்வருகிற வழியும் சாலைதான். அந்தச் சாலையில் பள்ளி பஸ்ஸே போகிறது. சட்டத்தை விடுங்கள், ராத்திரி லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஓரத்தில் வரும் சைக்கிள் எனக்குத் தெரியவே தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கும் பளபளக்கும் சட்டையும் இல்லாமல் அந்தப் பெரியவரை அனுப்பாதீர்கள்.

பழைய கிராணி:
கேட் போட்டு ஜாகா உட்கார்ந்திருக்கும் இடம் பொதுச் சாலையா? நான் முப்பது வருஷம் தோட்ட ஆபீசில் இருந்தவன்.

செம்பனை லோரி:
கேட்டுக்கு வெளியே இருக்கிற தார்ச்சாலை யாருடையது ஐயா? அந்தப் பாதி தூரம் அவர் பறந்தா வருவார்?

டியூப் டயர்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரமா, பின் சக்கரமா?

கோலசிலாங்கூர்க்காரி:
தம்பி, ஒன்று கேட்கிறேன். அப்பா மிதிப்பாரா? முட்டி வலி என்று கைப்பிடியைத் திருகத்தான் இதை வாங்குகிறீர்கள் என்றால், 25இல் நிற்கும் சைக்கிளும் அவருக்குச் சரிப்படாது. உங்களுக்கே லைசென்ஸ் இருந்தால், ஷிப்டுக்கு நீங்களே கப்சாயில் (சின்ன மோட்டார்சைக்கிளில்) கொண்டுபோய் விடலாமே.

லயத்துப்பையன்:
தவுக்கேயிடம் கேட்டேன். சிரிம் தாள் "வரும் வரும்" என்கிறார். முன்பணம் கட்டவில்லை. அப்பா மிதிப்பார், தினமும் பசாருக்குச் சாதா சைக்கிள்தான். 25 வண்டி பார்க்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

வயர்மேன்:
சரி, பேட்டரி ஸ்டிக்கர் படம் எங்கே?